யாருக்கு அந்த ஊசி?

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வேலையிலே ஒரு சவுகரியம், நோயாளி யாரும் நம்ம மேலே புகார் எழுதிப் போடமாட்டாக. ஊசிக்குப் பயந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்ல? அந்த உரிமையிலே சொல்றேன். நயா பைசா வந்த புதுசு. விருதுநகர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அறுக்கிற இடத்தை மரத்துப்போக வைக்கிற மருந்து, பீரோவிலே ஒரே ஒரு குப்பிதான் இருக்கும். "பாத்துச் செலவழி"ம்பார் டாக்டர். யாருக்குன்னு பாக்கிற வேலை என்னுது.

நாயும் காளையும்

பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டு நாய் காரிலே வந்து இறங்குச்சு. காதிலே கட்டி. ஊசி போட்டு, "ஒண்ணுமில்லடா ராஜா"ன்னு கொஞ்சிக்கிட்டே அறுத்தோம். அடுத்து, வெம்பக்கோட்டையிலே வெள்ளாமை பாக்கிற சம்சாரி ஒருத்தரோட காளை. கொம்பிலே புத்துநோய். கயிறு போட்டுச் சாய்ச்சு, ஆளுக அது மேலே உக்காந்து, ரம்பத்தாலே அறுத்தோம். ஊசி கிடையாது. மாட்டுக்கு என்ன தெரியும்? அது கத்தின கத்திலே கூரைப் புறாவெல்லாம் பறந்துபோச்சு.

சம்சாரி துண்டாலே காளை மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "அந்த நாய்க்குப் போட்டதோட மருந்து தீந்துபோச்சாங்கய்யா?"

ஆமான்னுட்டேன். குப்பியிலே பாதி இருந்துச்சு.

டீச்சரம்மா கோழி

மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தர், கால் ஒடிஞ்ச கோழியை முந்தானையிலே சுத்திக் கொண்டாந்தாக. கட்டுப் போடணுமாம். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "குழம்புக்குத்தானே டீச்சர் வளக்கிறீக, இதுக்கு எதுக்குக் கட்டு?"ன்னேன்.

அவுக சிரிக்கலே. "குழம்புக்குத்தான் தம்பி. ஞாயித்துக்கிழமைக் குழம்புக்கு. இன்னைக்குப் புதன்கிழமைதானே ஆகுது."

மாடசாமி

சாத்தூர் ரோட்டிலே ஒரு பட்டாசு லோடு வண்டி பத்திக்கிச்சு. வண்டிக்காரர் மாடசாமி, முதுகு வெந்த மாட்டை அவுத்து நேரா எங்க வாசலுக்கு ஓட்டியாந்துட்டார். டாக்டர் வெளியூர். வெந்த தோலை வெட்டி எடுத்துட்டுத்தான் மருந்து போடணும். மாடு ஆடலே, அசையலே, கண்ணை அகல முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. மறுநாள் முதலாளி நாய் திரும்ப வருது, அதுக்கு மருந்து வேணும்.

"சத்தமே போடலியே மாடசாமி, வலி தெரியலே போல. ஊசி வேண்டாம்"னு கத்தரியை எடுத்தேன்.

மாடசாமி தன் இடது கையிலே சுத்தியிருந்த ஈரத் துண்டை விலக்கினார். முழங்கை வரைக்கும் வெந்து கிடந்துச்சு. "நானுந்தான் சத்தம் போடலே ஐயா."

வெக்கத்திலே அவர் மூஞ்சியைப் பாக்க முடியலே. போய் பீரோவைத் திறந்தேன். அன்னைக்கு வெம்பக்கோட்டைக் காளை கத்தினது அப்பத்தான் என் காதிலே விழுந்துச்சு. முதல்லே நீங்க பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னா, மாட்டுக்கு ஊசி ஏறினதைப் பாத்துட்டுத்தான் மனுசன் நகந்தார்.

குப்பியைக் காலி பண்ணினதுக்கு டாக்டர் ஏசின ஏச்சு இருக்கே, என் சர்வீஸ் பூரா நான் வாங்கின ஒரே நல்ல பேரு அதுதான்.