கட்டிலடியில் ஜெயக்கொடி

உள்ளறையிலிருந்து விர்ரென்று ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் ஒற்றைக் கொசு போல. அடுத்த நொடியே ஆயிரம் வண்டுகள் சேர்ந்து பறப்பதைப் போல.

எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த அருள்பாண்டி, ஜெயக்கொடியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். கட்டிலுக்கு அடியில் அவளைத் தள்ளி, மேலே குடை போலக் கவிழ்ந்துகொண்டான். டம்ளர் உருண்டது. காபி தரையெல்லாம் ஓடியது.

சத்தம் நின்றது. கதவைத் திறந்துகொண்டு வந்த திவ்யா, கட்டிலடியில் தாயையும் தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனையும் பார்த்துத் திகைத்தாள்.

"என்ன மச்சான், எங்கம்மாகூட கண்ணாமூச்சியா?"

அருள்பாண்டி எழுந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "மன்னிச்சிருங்க அத்தை. அந்தச் சத்தம்..."

"என் டிரோன்தான். மோட்டாரை மாத்திட்டு, இறக்கையக் கழட்டி வச்சு ஓட்டிப் பார்த்தேன்."

ஜெயக்கொடி எழுந்திருக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்த வண்டியூர் வீட்டுக்குள்தான் அவள் கணவன் வெள்ளைத்துரை பெட்டியில் வந்து சேர்ந்தான். எல்லையில் காவல் நின்ற சிப்பாய். அப்போது திவ்யா கைக்குழந்தை. 'என் மகளை எல்லையில் நிற்கிறவனுக்குக் கொடுக்க மாட்டேன்' என்று அந்தப் பெட்டியின் மேல் கை வைத்து அழுதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனாள். மல்லிகை விற்றே மகளைப் படிக்க வைத்தாள். இன்று அந்த மகள் செக்கானூரணிப் பக்கத்து வயல்களுக்கு டிரோனில் மருந்தடிக்கிறாள்.

ஒன்றுவிட்ட அண்ணன் மகன் அருள்பாண்டி விமானப்படையில் இன்ஜின் பார்க்கிறவன். "எல்லையெல்லாம் இல்ல தாயி, எம்புட்டோ தூரம் தள்ளி உள்ள இருக்கான். சுத்திச் சுவரு, உள்ள பிளேனு" என்று அண்ணன் சொன்ன பிறகே பூ வைக்கச் சம்மதித்தாள்.

போன வாரம் மார்க்கெட் டீக்கடையில் டிவி பார்த்தாள். எங்கோ தூர தேசத்துச் சண்டை. லாரியில் மறைத்து எதிரி நாட்டின் நடுவயிற்றுக்கே கொண்டுபோன டிரோன்கள், விமான தளத்தில் வரிசையாக நின்ற விமானங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தன. ஒரு தெருவே நிழலுக்கு ஒதுங்கக்கூடிய விமானம். அதை எரித்ததோ கல்யாண வீட்டில் படம் பிடிப்பது போன்ற ஒரு சின்னப் பொருள். ஜெயக்கொடியின் கையிலிருந்த பூச்சரம் நழுவி விழுந்தது.

சம்பந்தத்தை முறித்துக்கொள்ளத்தான் இன்று அருள்பாண்டியை வரச் சொல்லியிருந்தாள். பூ வைத்தபோது அவர்கள் கொடுத்த பட்டுச்சேலை மூலையில் கட்டைப்பைக்குள் தயாராக இருந்தது. பேச வாயெடுத்த நேரத்தில்தான் அந்தச் சத்தம்.

அருள்பாண்டி உள்ளறைக்குப் போய் டிரோன் அருகே குந்தினான். தொடலாமா என்று தயங்கி, ஒரு விரலால் அதன் கையைத் தொட்டான்.

"இம்புட்டுதானா!" என்றான். கோயிலுக்குள் பேசுகிற குரல். "எப்பவும் கீழ இருந்துதான் பார்த்திருக்கேன். ராத்திரி வானத்துல ஒரு புள்ளி, அம்புட்டுதான்."

"கத்திரித் தோட்டத்துக்கு மருந்தடிக்கிறது மச்சான். பத்து லிட்டர் தூக்கும்."

"அதுல பாதி போதும், ஒரு பிளேன எரிக்க."

 திவ்யாவின் கை தானாகவே அந்த மருந்துத் தொட்டியை மூடியது. இத்தனை நாள் தோளில் சுமந்த பிள்ளையை முதன்முறையாக நிமிர்ந்து பார்ப்பது போல டிரோனைப் பார்த்தாள்.

எழுந்து வந்து உள்ளறை நிலையைப் பிடித்தபடி நின்ற ஜெயக்கொடி கேட்டாள்: "அங்கயும் வந்துச்சா?"

"ஒரு தடவை, எங்க ஷெட்டுக்கு மேல. சுட்டு வீழ்த்திட்டாங்க அத்தை. அதுக்குள்ள பக்கத்துல வேலை பார்த்தவன இழுத்துக்கிட்டுக் குப்புற விழுந்துட்டேன். அன்னைலருந்து கை தானா இழுக்குது."

"தனியா ஓடுறதுதான லேசு?"

அருள்பாண்டி விழித்தான். "ஆளு பக்கத்துல இருக்கும்போது எப்படி அத்தை?"

ஜெயக்கொடியின் உடம்பு சிலிர்த்தது. மலை போன்ற விமானத்தைச் சாய்க்கிற அந்தச் சின்னப் பொருள் ஒரு பக்கம். அதன் சத்தம் கேட்டதும் அடுத்தவர் மேல் கவிழ்ந்துகொள்கிற இந்தப் பிள்ளை ஒரு பக்கம். எது பெரிய அதிசயம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த சிவப்பு இன்னும் இருந்தது. 

கூடத்துக்கு வந்த அருள்பாண்டியின் கண்ணில் கட்டைப்பை பட்டது. உள்ளே தெரிந்த பட்டுக்கரையை அவன் அடையாளம் கண்டுகொண்டான்.  குனிந்து பையை எடுத்துக்கொண்டான்.

"வாரேன் அத்தை."

ஜெயக்கொடி பையின் காதைப் பிடித்தாள். "இத எங்க தூக்கிட்டுப் போற? முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாலயே லீவு போட்டு வந்துரு."

"விடுவாங்களான்னு தெரியல அத்தை."

"அப்ப விட்ட அன்னைக்கே தாலியக் கட்டு."

திவ்யா உள்ளே திரும்பி முகத்தை மூடிக்கொண்டாள். அருள்பாண்டி படியிறங்கினான். அவனுடைய பைக் சத்தம் தெப்பக்குளம் தாண்டித் தேயும்வரை, பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்த ஜெயக்கொடி கதவைச் சாத்தினாள்.