இரண்டு கார் நிற்கும் போர்ச்

மிதுலனிடம் பெர்னார்டுக்கு இல்லாதவை பல இருந்தன. அவற்றில் பெர்னார்ட் பொறாமைப்பட்டது அவன் வீட்டுப் போர்ச்சைப் பார்த்துத்தான்.

மலேசியாவில், ஈப்போ நகரத்து ஈப்போ கார்டனில் இருந்த அந்த வீட்டின் முன்னால் இரண்டு கார்கள் கதவுகளைத் திறந்தபடி பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். தரையில் வழுக்காத டைல்ஸ். தூணில் ஒரு குழாய். சுவரில் இரண்டு பிளக். கூரையின் அடியில் நான்கு நீளமான வெள்ளை விளக்குகள். வெளியே வெயிலா மழையா என்பது அங்கே நின்று வேலை செய்பவனுக்குத் தேவையில்லாத செய்தி.

காருக்குப் பாலிஷ் போடுவதில் கூரைதான் பாதி வேலை. வெயில் பட்ட தகட்டில் பாலிஷ் மருந்து இரண்டே நிமிடத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நடுவில் மழை வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. இதை பெர்னார்ட் தான் குடியிருந்த ஜெலாப்பாங் ஃபிளாட்டின் கார் பார்க்கில் தெரிந்துகொண்டான். அங்சானா மரத்தடியில் காரை நிறுத்துவான். மரம் நிழல் கொடுத்தது. மஞ்சள் பூவையும் காக்கை எச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தது. தண்ணீர் நான்காவது மாடியில் இருந்த வீட்டிலிருந்து வர வேண்டும். ஒரு காருக்கு ஆறு வாளி.

அப்போது அவன் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். மெக்கானிக்கல் டிப்ளோமா. அதற்கு முந்தின விடுமுறையில் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு கார் பட்டறையில் இரண்டு மாதம் வேலை செய்திருந்தான். பாலிஷ் மெஷினைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். அம்மா பெட்ரீசியா கையுறை ஃபேக்டரியில் பெட்டி அடுக்கினாள். அப்பா லூமுட்டில் கப்பல் பட்டறையில் வெல்டிங். மாதம் ஒருமுறை வருவார், துணி துவைத்துக்கொண்டு போவார். அம்மாவைப் பெற்றவர்கள் பால் மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டம் இப்போது ஒரு தாமான், புது வீடுகளின் குடியிருப்பு. அங்கே இருந்த வீடுகளில் எல்லாவற்றுக்கும் போர்ச் இருந்தது. பெர்னார்ட் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

மிதுலன் அதே வகுப்பு. பெர்னார்ட் பாலிஷ் போட்ட விரிவுரையாளர் ஒருவரின் காரைப் பார்த்துவிட்டு அவன்தான் முதலில் வந்து பேசினான்.

“மச்சான், இத எங்க செஞ்ச?”

“ஃபிளாட்டு கீழ.”

“மரத்துக்கு அடியிலயா? பைத்தியமா லா நீ. எங்க வீட்டு போர்ச்சு சும்மாதான் கெடக்கு. வா, சேர்ந்து செய்யலாம். எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அவ்வளவு சுலபமாக ஒரு கூரை கிடைத்தது. மிதுலன் ஒரு நல்ல மெஷினும் வாங்கினான். சனி, ஞாயிறுகளில் வேலை. ஆளுக்குப் பாதி என்று பேச்சு. அதில் மிதுலன் ஒருநாளும் தவறவில்லை. மெஷின் பிடிப்பது பெர்னார்ட். வாடிக்கையாளர்களிடம் பேசுவது, படம் எடுப்பது, இன்ஸ்டாகிராமில் போடுவது எல்லாம் மிதுலன். பக்கத்தின் பெயர் ‘மிது டீடேலிங்’. கூப்பிடச் சுலபமாக இருக்கும் என்றான்.

வீடியோக்களில் பெர்னார்டின் கைகள் மட்டும் வரும். கட்டைவிரலில் பட்டறைச் சூடு பட்ட தழும்பு. மணிக்கட்டில் செபமாலைக் கயிறு. கடைசியில் மிதுலனின் முகம் வந்து, “சந்தேகம் இருந்தா மெசேஜ் பண்ணுங்க” என்று சிரிக்கும்.

பெட்ரீசியா ஒருநாள் சாப்பிடும்போது அதைப் பார்த்தாள்.

“இது உன் கைதானே?”

“ஆமா.”

“மூஞ்சி எங்க? வேலை செய்றவனுக்கு மூஞ்சி கெடையாதா?”

“சாப்புடும்மா.”

அவன் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. தன் கைகளை ஆயிரத்து நானூறு பேர் விரும்பியிருந்தார்கள். கீழே எழுதியவர்கள் எல்லாரும் மிதுலனைப் பாராட்டியிருந்தார்கள். மிதுலன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லியிருந்தான். அவன் நல்லவனாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் பெர்னார்ட் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டு மரத்தடிக்குத் திரும்பியிருப்பான்.

இரண்டாம் வருடம் குலசிங்கத்தின் கார் வந்தது. குலசிங்கம் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், நில அளவை இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மிதுலனின் அப்பாவுக்குத் தெரிந்தவர். கார், கருநீல வோல்வோ. முப்பது வருடமாக அவரே ஓட்டுகிறார். செவ்வாய்க்கிழமை காலையில் அவரோடு டென்னிஸ் ஆடும் ஒன்பது பேரிடமும் அதே மாதிரி பழைய, நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட கார்கள் இருந்தன.

“இந்த வண்டி நல்லா முடிஞ்சிருச்சினா அந்த கேங்கு முழுக்க நமக்குத்தான்,” என்றான் மிதுலன். “அப்ப பேஜு பேரையும் மாத்திருவோம் மச்சான். ரெண்டு பேரு பேரும் வரட்டும்.”

“எப்பலருந்து இந்த யோசன?”

“இப்பத்தான் வந்துச்சு லா. ஏன், வேணாமா?”

பெர்னார்ட் தோளைக் குலுக்கினான். அன்றிரவு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தான். தன் பெயர் முதலில் வந்தால் நன்றாக இருந்தது.

அந்த வோல்வோவுக்கு இரண்டு நாள் உழைத்தான். முதல் நாள் பானெட்டின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது வரிசையாக மூன்று வட்டங்கள் தெரிந்தன. தண்ணீர் காய்ந்த கறையைவிட ஆழமானவை. ஓரத்தில் லேசான சிவப்பு.

“என்ன மச்சான் அது?” என்றான் மிதுலன்.

“பொட்டு. சந்தனமும் குங்குமமும். பூசைக்கு வச்சுட்டு தொடைக்காம விட்டுருக்காரு.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க ஃபிளாட்டு பிச்சைமுத்து அண்ணே லோரிக்கு வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறதே நான்தான். பொட்டு அவரு வைப்பாரு. மறுநாள் தேச்சுக் கழுவுறதும் நான்தான்.”

“அப்ப நீ பாதி ஐயர் லா. தட்டுல காசு வாங்குனியா இல்லியா?”

பெர்னார்ட் சிரித்தான். மூன்று வட்டங்களையும் எடுத்தான். மறுநாள் கோட்டிங் போட்டான். கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம். கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, சரியான நேரத்தில் துடைக்க வேண்டும். போட்டபின் ஒரு நாள் முழுக்க எதுவும் படக்கூடாது. ஒரு வாரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. இதை வாடிக்கையாளரிடம் சொல்வது மிதுலனின் வேலை. காரைக் கொடுக்கும்போது சொல்லுவான்.

குலசிங்கம் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டார். மிதுலன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தான். பெர்னார்ட் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

அவர் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து பானெட்டில் தன் முகத்தைப் பார்த்தார்.

“வடிவா இருக்கு. மிதுலன் சின்னனிலயிருந்தே இப்பிடித்தான். எதை எடுத்தாலும் திறமாச் செய்வான்.”

பெர்னார்ட் சாவியை நீட்டினான்.

“நேரே பிள்ளையாரிட்டத்தான் போறன், தம்பி. ஐயருக்குச் சொல்லி வச்சிருக்கிறன். ஒரு பூசை வச்சுப்போட்டுத்தான் வீட்டை.”

சொல்ல வேண்டியது பெர்னார்டின் வாயிலேயே இருந்தது. பானெட்டில் எதுவும் வைக்க விடாதீங்க அங்கிள், பூசையை அடுத்த வாரம் வச்சுக்கங்க. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

“நீர் இவையளிட்ட வேலை செய்யிற பொடியனோ?” என்று கேட்டார் குலசிங்கம்.

பெர்னார்ட் அவரைப் பார்த்தான்.

“ஆமா அங்கிள்,” என்றான்.

கார் கேட்டைத் தாண்டி, திரும்பி, போயிற்று. அவன் மிச்சத் துணிகளையும் மடித்தான்.

மிதுலன் ஈரத்தலையோடு வந்தான். “அங்கிள் போயிட்டாரா? என்னா சொன்னாரு?”

“நல்லா இருக்குன்னாரு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“சரி, தண்ணி ஊத்த வேணாம்னு ராத்திரிக்கு மெசேஜ் போட்டுர்றேன்.”

ஜெலாப்பாங்குக்கு மோட்டாரில் போகும் வழியெல்லாம் பெர்னார்ட் ஒரு விரலை நினைத்துக்கொண்டிருந்தான். நனைந்த விரல். அது குங்குமத்தைத் தொடுகிறது. இன்னும் காயாத பானெட்டில் அழுந்துகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. அதைச் செய்யும்போது யாரும் பெர்னார்டை நினைக்கப்போவதில்லை. திட்டு வாங்கும் முகம் வீடியோவில் சிரிக்கும் முகம்தான். முகம் இல்லாமல் இருப்பதில் முதல்முறையாக ஒரு வசதி தெரிந்தது. வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். பெயரை மாற்றும் பேச்சும் இதோடு போய்விடும் என்பது சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் தோன்றியது.

புதன்கிழமை கேன்டீனில் மிதுலன் போனை நீட்டினான். படத்தில், கருநீலத்தில் மூன்று சிவப்புத் திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் வளையம். அதன்கூடவே குலசிங்கத்தின் குரல் செய்தி.

“தம்பி மிதுலன், என்ன கோட்டிங் இது? துடைக்கத் துடைக்கப் போகுதில்லை. டென்னிசுக்கு வந்த ஆக்கள் எல்லாரும் சுத்தி நிண்டு பார்த்தவை. எனக்கு வெக்கமாப் போச்சுது.”

மிதுலன் சாப்பிடவில்லை. “கோயிலுக்குப் போவாருன்னு நான் யோசிச்சிருக்கணும். அந்தப் பொட்டுக் கறைய நாமளே பார்த்தோம். நான் கைய வச்சா இன்னும் கெட்டுரும் மச்சான். நீதான் எடுக்கணும்.”

பெர்னார்ட் தன் மீ கோரெங் நூடுல்ஸை மெதுவாகச் சாப்பிட்டான். அது தீரும் வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை குலசிங்கம் காரைக் கொண்டுவந்து போர்ச்சில் நிறுத்தினார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“அங்கிள், என் தப்பு,” என்றான் மிதுலன். “பூசைய அடுத்த வாரம் வைங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. பானெட்டு முழுக்கத் திரும்பச் செஞ்சு குடுத்துர்றோம்.”

“நான் கோயிலுக்குப் போறனெண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான்,” என்றார் அவர். கையை நீட்டினார். “இந்தத் தம்பியிட்டத்தான் சொன்னனான். ஒண்டும் சொல்லேல்லையே இவர்.”

பெர்னார்ட் பானெட்டின் விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. மிதுலன் தன்னைப் பார்க்கிறான் என்பது தெரிந்தது. நல்லா இருக்குன்னாரு. அவ்ளோதான். அன்று தான் சொன்ன அந்த வார்த்தைகளை மிதுலனும் இப்போது மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பான்.

“அவனுக்கு அதெல்லாம் தெரியாது அங்கிள்,” என்றான் மிதுலன். “அவங்க சர்ச்சுக்குப் போறவங்க.”

குலசிங்கத்தின் முகம் தளர்ந்தது. “ஓ, வேதக்காரரோ. அப்ப எப்பிடித் தெரியும், பாவம்.”

போன வருடம் பெர்னார்டின் மாமா வாங்கிய புது புரோட்டோன் கார் மேல் ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். அந்தத் துளிகள் காய்வதற்குள் ஓடிப்போய்த் துடைத்தவன் பெர்னார்ட். பிச்சைமுத்து அண்ணனின் லோரிக்கு எலுமிச்சம்பழம் வைத்தவன் அவன். அதை மிதுலனிடம் இதே இடத்தில், இதே பானெட்டின் மேல் குனிந்துகொண்டு சொன்னவனும் அவன்தான். மிதுலன் மறந்திருக்க முடியாது. ஒரு வாரம்தான் ஆகிறது.

மிதுலன் பிளக்கைச் சொருகினான். “மெஷின் ரெடி மச்சான்,” என்றான். குரலில் ஒன்றும் இல்லை.

பெர்னார்ட் மெஷினைத் தகட்டில் வைத்தான். தப்பை ஒத்துக்கொள்ள மிதுலனுக்கு மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது. இன்னொருவனைக் காப்பாற்ற இரண்டு. யோசிக்கக்கூட இல்லை. குழாயைத் திறப்பது மாதிரி. சின்ன வயதிலிருந்து நனையாமல் வளர்ந்தவனுக்கு இதுவும் வரும்போலிருக்கிறது. போர்ச்சைப் பார்த்து வந்த பொறாமை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தானும் வாயைத் திறந்து, எனக்குத் தெரியும் அங்கிள், தெரிஞ்சுதான் சொல்லல என்று சொல்லிவிடலாம். சொன்னால் மிதுலன் பொய்யனாவான். அந்த வழியையும் அவன் அடைத்துவிட்டான்.

முதல் திட்டு பத்து நிமிடத்தில் மங்கியது. குலசிங்கம் கிட்டே வந்து நின்றார். இரண்டாவது போகும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது போனபின், “இவற்ற கைவேலையோ?” என்று மிதுலனிடம் கேட்டார்.

“எல்லாக் காரும் அவன் கைதான் அங்கிள். நான் படம் மட்டும்தான் புடிப்பேன்.”

“உம்மட பேரென்ன, தம்பி?”

“பெர்னார்ட்.”

“எந்த இடம்?”

“ஜெலாப்பாங்.”

“பத்து காஜா டவுணில எனக்கொரு சிநேகிதர் இருக்கிறார். பழைய கார் ரெண்டு வச்சிருக்கிறார். வீட்டிலேயே பெரிய ஷெட். இஞ்ச கொண்டுவர மாட்டார். ஆள் அங்க போகவேணும். உம்மட நம்பரைத் தாரும்.”

பெர்னார்ட் மெஷினை நிறுத்தினான். முதல் வருடத்திலிருந்து அவன் எதிர்பார்த்த கேள்வி அது. அவனைப் பார்த்து, அவனிடம், அவன் நம்பரை. அதைக் கேட்டவர் அவனை ஒன்றும் தெரியாத பாவம் என்று நம்பித்தான் கேட்டார்.

“குடு மச்சான், குடு,” என்றான் மிதுலன். சிரித்தான். “பேஜுலயும் போட்டுருவோம். இன்னைக்குப் பேர மாத்திர்றேன்.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெர்னார்ட் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். குலசிங்கம் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு விரலால் அழுத்தினார். மிதுலன் போனை உயர்த்தி, “மூஞ்சியும் வரட்டும், இங்க பாரு” என்றான்.

பெர்னார்ட் பானெட்டையே பார்த்தான். அதில் நான்கு விளக்குகளும், தூணும், கூரை முழுவதும் கறை இல்லாமல் தெரிந்தன. நடுவில் தன் முகமும். துணியை எடுத்து, முகம் தெரிந்த அந்த இடத்தை இன்னொரு முறை துடைத்தான்.