பானை ஓட்டில் என் மதியச் சோறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் நான் திருச்சிக் கல்லூரி ஒன்றின் கெமிஸ்ட்ரி லேபில் தற்காலிக அட்டெண்டர். ஏழு வருடத் தற்காலிகம். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பேராசிரியர் ஹபீபுல்லா சார் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும்.

அந்த வருடம் தொட்டியம் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது பழைய பானை ஓடுகள் நிறையக் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தியவை என்றார்கள். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் அடிப்பிடித்த கருகல் இருந்தது. அதைச் சுரண்டிச் சோதித்தால் அந்தக் காலத்து ஜனங்கள் என்ன சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்பது சாரின் நம்பிக்கை. நாலு பெட்டி ஓடுகளைக் கொண்டுவந்து இறக்கி, “பெரியண்ணன், ஒண்ணொண்ணுக்கும் நம்பர் எழுதிச் சீட்டு ஒட்டிடுங்க” என்றார்.

லேபில் கோந்து தீர்ந்திருந்தது. எழுதிக் கேட்டால் அடுத்த ஆடிக்குத்தான் வரும். நான்தான் பெரிய காரியக்காரன் ஆயிற்றே! ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்தேன். தபால் கவரையும் பிள்ளைகளின் நோட்டு அட்டையையும் ஒட்டுவதுபோல, சோற்றுப் பருக்கைகளை நசுக்கி ஒட்டினேன். ஓட்டின் வெளிப்புறம் சொரசொரவென்று இருந்ததால் சீட்டுகளை உட்புறத்தில் ஒட்டினேன். மீந்த பசையைக் கட்டைவிரலால் சுற்றிலும் நன்றாகத் தடவியும் விட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஒரு மாதம் கழித்து சார் கருகலைச் சுரண்டி அதன்மேல் அயோடின் சொட்டு விட்டார். நீலமாயிற்று. மாவுச்சத்து இருந்தால்தான் அந்த நிறம் வரும். அடுத்த ஓட்டிலும் நீலம், அதற்கடுத்ததிலும் நீலம்.

“அரிசிச் சோறு, பெரியண்ணன்! நம்ம சோறேதான்!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். “உங்க லெட்டரையும் இந்த மாசமே எழுதிடறேன்.”

நம்ம சோறேதான். அதிலும் என் மனைவி மயிலம்மாள் வடித்த சோறு. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சொன்னபோது மயிலம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, “நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க” என்றாள். அந்த நாளையை நான் மூன்று வாரம் இழுத்தடித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம். சார் தன் கண்டுபிடிப்பைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வந்திருந்தார். மேடை ஏறப் போனவரை மறித்துக்கொண்டு நின்றேன்.

“சார், சீட்டையெல்லாம் சோத்தை வச்சுத்தான் ஒட்டினேன்.”

அவர் கையிலிருந்த தாள்களை இரண்டாக மடித்தார். “சோறு படாத ஓடு ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுகூட இல்லைங்க.”

அவர் மேடை ஏறினார். “நான் சோதிச்சது எங்க லேப் பசையை. கண்டுபிடிப்புன்னு எதுவும் இல்லை. பார்க்காம விட்டது என் தப்பு” என்று சொல்லிவிட்டு இறங்கினார். கூட்டம் சிரித்தது. என் பெயரை அவர் சொல்லவே இல்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ஓடுகளைக் காப்பாற்ற முடியுமா என்று இருவரும் பார்த்தோம். பசையைக் கழுவினால் கருகலும் சேர்ந்தே உதிர்ந்து வந்தது. மூன்றாவது ஓட்டோடு சார் நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் பெட்டிகளை மூடியதும் என் கடிதத்தை நீட்டினார். “வேண்டாங்க சார்” என்றேன். கை மட்டும் வாங்கிக்கொண்டது.

அந்தப் பானைகளில் பொங்கிச் சாப்பிட்டவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.