பனிக்கட்டிக்குள் நரி

எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களின் அந்த வரிசை வீடுகளில், இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று ஆட்டுக் கட்சி, மற்றொன்று நரிக் கட்சி. தொழிற்சங்கத் தேர்தலில்கூட அவ்வளவு சண்டை நடந்ததில்லை.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம். டிவியில் ஒரு கார்ட்டூன் வரும். கொம்பு வளைந்த ஆடு ஒன்று, அதை ஓயாமல் துரத்தும் ஒல்லி நரி ஒன்று. நரி ஒருநாளும் ஜெயிக்காது. ஆடு அதற்கு மண்ணெண்ணெயைக் கொடுக்கும், மையைக் கொடுக்கும், வெடிமருந்தைக் கரைத்துக் கொடுக்கும். நரி கடகடவென்று குடிக்கும். காது இரண்டிலும் புகை வரும். பிறகு எழுந்து, உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடும். லயத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆட்டுக் கட்சி. நான் ஆட்டுக் கட்சி. என் தம்பி நரிக் கட்சி. அவன் அப்போது பள்ளிக்கூடம் போகாத வயது. அப்பாவும் நரிக் கட்சிதான்.

அப்பா தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறையவைப்பது அவர் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்து உரிந்திருக்கும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்தப் புளித்த நெடி போகாது. அப்படிப்பட்ட மனிதர் கார்ட்டூன் போட்டால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். "பிள்ளைங்கள விட மோசம் இந்த மனுசன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

லயத்தில் டிவி வைத்திருந்த வேதக்கார வீடு எங்களுடையது மட்டும்தான். அதனால் கிறிஸ்மஸ் மதியம் லயமே எங்கள் வீட்டில் இருக்கும். அன்று அந்தக் கார்ட்டூனின் கிறிஸ்மஸ் சிறப்பு நிகழ்ச்சி போடுவார்கள். தோட்டத்து மின்சாரமோ பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். பகலில் டிவி பார்க்க வேண்டுமென்றால் கார் பேட்டரிதான். பேட்டரி இறங்க இறங்க, படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் ஒரு பிஸ்கட் அளவுக்கு வந்து, பிறகு அணைந்துவிடும்.

முதல் வருடம் அப்படித்தான் அணைந்தது. ஆட்டைத் துரத்திப் போன நரி ஏரிக்குள் விழுந்து பனிக்கட்டியாக உறைந்துவிட்டது. கண் மட்டும் திறந்திருந்தது. ஆடு திரும்பிப் பார்த்தது. அத்தோடு படம் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு வருடம் முழுக்க அதே பேச்சு. தண்ணீர்க் குழாயடியில், பள்ளிக்கூட லாரியில், எங்கு போனாலும் அதுதான். கிண்ணத்தில் சீவிப் போட்டு விற்கும் ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறு பனியைக் கண்டிராத நாங்கள் பனியைப் பற்றி விடியவிடிய விவாதித்தோம். எதிர்வீட்டு அக்கா, எங்கள் கட்சித் தலைவி, தீர்ப்பே சொல்லிவிட்டாள். "ஆடு போயிருச்சு லா. நரி செத்துருச்சு. இதுக்கு மேல என்னா பேச்சு?" தம்பி ஓவென்று அழுதான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு, "சும்மா சொல்றாடா. நரி எத குடிச்சும் சாகாதது, தண்ணியிலயா சாகப்போவுது? சூடா எதாச்சும் ஊத்துனா அய்ஸ் கரஞ்சிரும்" என்றார்.

அந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மறு வருடமும் அதே நிகழ்ச்சிதான் என்று தெரிந்ததும் அப்பா சபதமே செய்துவிட்டார், இந்தத் தடவை நரியை முழுசாகப் பார்த்தே ஆவது என்று. பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பீடோங் டவுனுக்குப் போய் சார்ஜ் போட்டு வந்தார். கடை முதலாளி, சீனத் தவுக்கே, பேட்டரியில் ஆசிட் குறைந்துவிட்டது, ஊற்றினால்தான் தாங்கும் என்றாராம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க ஆசிட்டில் கை வைத்து நிற்பவரிடம் வந்து ஆசிட் விற்பதா? ஆசிட் ஆசிட்தானே என்று ஸ்டோரிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தார். கொண்டுவர அகப்பட்டது ஒரு காலி லெமனேட் பாட்டில்.

அது வேறு ஆசிட், இது வேறு ஆசிட் என்று அப்பாவுக்குத் தெரியாது. அது மட்டுமல்ல. கிறிஸ்மஸ் அன்று எங்கள் வீட்டில் லெமனேட் பாட்டில்கள் வரிசையாக நிற்கும் என்பதும் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

மூடியைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை இறுக்கிக் கட்டி, டிவி மேசைக்கு அடியில், பேட்டரிக்குப் பின்னால் வைத்தார், படம் சுருங்கத் தொடங்கினால் ஊற்றிக்கொள்ளலாம் என்று. தம்பி பக்கத்திலேயே குந்தியிருந்தான். "கிட்ட வரக்கூடாது. கையப் பொசுக்கிடும்" என்றார் அப்பா. தம்பி சமர்த்தாகத் தலையாட்டினான்.

கிறிஸ்மஸ் காலை கோயிலுக்குப் போய்வந்தோம். மதியம் வீடு நிறைந்துவிட்டது. அம்மா முறுக்கும் கேக்கும் கொடுத்தார், அடுக்களையிலிருந்து லெமனேட் கிளாஸ் கிளாஸாக வந்துகொண்டிருந்தது. நரி ஏரிக்குள் விழுந்தது. உறைந்தது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆடு திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து, படம் ஓரத்தில் சுருங்கத் தொடங்கியது.

அப்பா குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டார். துழாவினார். நிமிர்ந்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரத்தமே இல்லை.

"யாரும் குடிக்காதீங்க" என்றார். சத்தம் வரவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. "மாமா, நகருங்க லா, மறைக்கிது" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அவள் கிளாஸ் உதட்டில் இருந்தது. அப்பா அதைத் தட்டிவிட்டார். பேட்டரி வயரைப் பிடுங்கினார். படம் போய்விட்டது.

வீடு முழுக்கக் கூச்சல். அப்பா ஒவ்வொரு கிளாஸாக வாங்கி மோந்து பார்த்தார். அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் அடுக்களையில் நின்ற பாட்டில்களையெல்லாம் திறந்து திறந்து மோந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் தண்ணீர் என்று நினைத்து ஸ்டோர் ஆசிட்டைக் குடித்துவிட்டதைப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். மீதிப் பேச்சை எங்களைக் கண்டதும் மென்று விழுங்கிவிடுவார்கள். அத்தனை கிளாஸிலும் லெமனேட்தான் இருந்தது. அப்போதுதான் நான் கவனித்தேன், நரிக் கட்சிக்காரன் அங்கே இல்லை.

"தம்பி எங்கம்மா?" என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார், கை நெற்றிவரைக்கும் போகவில்லை.

பின்வாசல் கதவு திறந்திருந்தது. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பாட்டில் மடியில் இருந்தது. அதன் கழுத்து மூடியோடு வாய்க்குள் இருந்தது. கட்டியிருந்த டியூப்பில் பாதியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மீதியைக் கடைவாய்ப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

அப்பா ஓடவில்லை. ஓடினால் இவன் பயந்து இன்னும் வேகமாக இழுப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக நடந்துபோய்ப் பக்கத்தில் குந்தினார். "குடு ராசா" என்றார்.

"தொறக்க மாட்டேங்கிதுப்பா."

"அப்பா தொறக்குறேன். குடு."

கொடுத்தான். அப்பா அதைத் தூரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அவன் வாயைத் திறந்து விரலை விட்டு நாக்கு, ஈறு, தொண்டைவரை பார்த்தார். ஒன்றுமில்லை.

"நரிக்கு ஊத்தணும்" என்றான் தம்பி. "இது பொசுக்கும்ல, அய்ஸ் கரஞ்சிரும். மொதல்ல நான் கொஞ்சம் குடிச்சுப் பாத்துட்டு."

அப்பா அங்கேயே, அந்த ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

காரணத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஸ்டோர் ஆசிட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது மேலே தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும். நரி எழும் நேரம் பார்த்து வயரைப் பிடுங்கிய கிறுக்கர் என்று லயம் அப்பாவுக்குப் பட்டம் கட்டியது. அந்த நிகழ்ச்சியை மறுபடி யாரும் போடவில்லை. அப்பா கார்ட்டூன் பார்ப்பதையே விட்டுவிட்டார். நாங்கள் பார்க்கும்போது டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் சுங்கை பட்டாணிக்குக் குடிவந்தோம். கிறிஸ்மஸுக்குப் பழைய லயத்து ஆட்கள் வந்தார்கள். கலர் டிவி, நாள் முழுக்க மின்சாரம். எதிர்வீட்டு அக்கா கையில் குழந்தையோடு வந்து, உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். "அந்த நரி செத்துத்தான் போச்சு. மாமா மட்டும் வயர பிடுங்காம இருந்திருந்தா நாமளே பாத்திருக்கலாம்."

"சாகல கா" என்றான் தம்பி. மீசை அரும்பியிருந்தது. அன்று நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. "ஏன்ப்பா வயர பிடுங்குனீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அப்பா கடையிலிருந்து வந்த புது லெமனேட் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். தன் கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகுதான் தம்பியின் கிளாஸில் ஊற்றினார்.