கோகிலாவின் ரிப்போர்ட்

குன்னூரில் ஒரு மருத்துவமனையில் ஜெனடிக் கவுன்சலராக இருக்கிறேன். மரபணுப் பரிசோதனை முடிவைக் குடும்பத்துக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இந்த ஒரு கேஸை எழுதிவைக்கிறேன்.

ஜெகதளாவிலிருந்து சிவராஜும் அவர் மனைவி கோகிலாவும் ஏழு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பையனுக்கு ஓயாத வலிப்பு. தலை நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் மூளை மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தது. கருவில் நரம்பு செல்கள் மூளையின் உள்ளே பிறந்து, வெளிப்புறம் நகர்ந்துபோய் அடுக்கடுக்காக அமர வேண்டும். இவனுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டன.

சிவராஜ் தேயிலைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர். “நான் அடிச்ச மருந்துதானுங்க. இவ மாசமா இருக்கறப்ப அந்தத் துணியோடவே ஊட்டுக்குப் போயிருக்கேன்,” என்றார். கழுவிக் கழுவி அவர் உள்ளங்கை உரிந்திருந்தது.

பையன் ரத்தமும் அம்மா ரத்தமும் கோயம்புத்தூர் லேபுக்குப் போயின. இரண்டிலும் டி.சி.எக்ஸ். என்ற ஜீனில் ஒரே மாற்றம். செல்களை நகரவைக்கும் அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுதானால் எல்லா செல்லும் தடுமாறும். பெண்ணுக்கு இரண்டு; ஒரு செல்லில் ஒன்றுதான் வேலை செய்யும். அதனால் ஒரு பகுதி செல்கள் வெளிப்புறம் வந்து சேரும், மீதி நடுவில் பட்டையாகத் தங்கிவிடும். வெளியே தெரிவது வலிப்பு மட்டுமாக இருக்கலாம்.

கோகிலாவை மட்டும் முதலில் கூப்பிட்டு முடிவைச் சொன்னேன். “உங்களுக்கு வலிப்பு வந்திருக்குங்களா?”

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “பத்தாவது படிக்கறப்ப இருந்து வருதுங்க. மாத்திரை போடறேன். கண்ணாலத்தப்ப அம்மா சொல்ல வேண்டாம்னுட்டாங்க.”

“நான் சொல்லட்டுங்களா அவர்கிட்ட?”

“வேண்டாமுங்க. பாவம், தான்தான் காரணம்னு கையைத் தேச்சுட்டே கெடக்கறாரு. நானே சொல்றேன்.”

கணவரை உள்ளே கூப்பிட்டு, என் முன்னாலேயே சொன்னார். சிவராஜ் எழுந்து வெளியே போனார். திரும்பமாட்டார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து வாசலிலேயே நின்றார்.

“மாத்திரைய எங்க வெக்கற?”

“அரிசி டப்பாவுலங்க.”

“அடுப்புகிட்ட வலிப்பு வந்து விழுந்திருந்தா, என்ன ஏதுன்னு எனக்கு எப்படிப் புள்ள தெரியும்?”

கோபம்தான். அதே கோபத்தோடு மனைவிக்கும் நரம்பு டாக்டரிடம் டோக்கன் வாங்கினார்.

பையன் இன்னும் உட்காரவில்லை. மருந்தில் வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அந்தக் கேஸில் நான் கற்றது ஒன்றுதான்: முடிவு யாருடைய உடம்பைப் பற்றியதோ, அவரிடம் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவருக்குச் சொல்வது அவர் விருப்பம்.

போன மாதம் சிவராஜ் கோகிலாவின் தங்கையைக் கூட்டிவந்தார். வரன் பார்க்கிறார்களாம். “இவளுக்கும் பாத்துருங்க. இருந்தா இருக்குதுன்னு சொல்லியே கட்டிக் குடுக்கறமுங்க,” என்றார்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “மாமா சொல்றாருங்கறது இருக்கட்டும். உனக்குத் தெரிஞ்சுக்கணுமாம்மா?”

யோசித்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை அவளே மேலே ஏற்றினாள்.