ஒரு சாண் காற்று

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில், பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற திரை போட்ட மரக்கூண்டை ஒட்டிய பெஞ்சில் பிலோமியக்கா ஜெபமாலை உருட்டுவார். தொட்டிக்குள் யாராவது முழங்காலிட்டுச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லத் தொடங்கியதும் அக்காவின் உதடு நின்றுவிடும். விரல் மட்டும் மணியைத் தள்ளும். பக்தி அப்படி.

தொழில், கனத்த திரைகளுக்கு உள்துணி வைத்துத் தைப்பது. மில்லு ஆபீசு, கல்யாண மண்டபம் என்று அருப்புக்கோட்டையில் வெல்வெட் தொங்கும் இடமெல்லாம் அக்காவின் கைத்தையல்தான். "மிஷினு இறுக்கிப் பிடிச்சிரும், திரை சுருங்கிப்போகும். கையினா கொஞ்சம் விட்டுப் பிடிக்கும்" என்பார். ஊர் விஷயங்களையும் அக்கா கொஞ்சம் விட்டுப் பிடித்துத்தான் சொல்வார். நூல் கோத்த ஊசி எப்போதும் ரவிக்கைத் தோளில் இருக்கும். தைக்கும்போது அது வெளியே தெரியும் முகப்புத் துணியில் தலைகாட்டிவிட்டால், அத்தனையும் பிரித்து மறுபடி தைப்பார்.

எண்பத்தொன்பதாம் வருஷத் தவக்காலத்தில், தொட்டியின் திரை மெல்லிசாக இருப்பதால் எல்லார் பாவமும் வெளியே கேட்கிறது என்று ஐயாத்துரை முறையிட்டார். சாமியார் தடித்த உள்துணி வாங்கி, தைக்கச் சொல்லி யாரிடம் கொடுத்தார்? அக்காவிடமேதான்.

மற்ற பக்கமெல்லாம் நெருக்கித் தைத்த அக்கா, பெஞ்சுப் பக்கம் மட்டும், முழங்காலிடுகிறவர் வாய் வரும் உயரத்தில், ஒரு சாண் தைக்காமல் மடித்து விட்டிருந்தார்.

"காத்து வர வேணாமா சாமி? பங்குனி வெயில்ல உள்ள மண்டி போடுறவுக வெந்துபோவாக."

சாமியாருக்கும் வேர்க்கும். சரி என்றுவிட்டார்.

அந்த மாதம்தான் அக்காவின் நாத்தனார் ஞானப்பூவின் மகளைப் பெண் பார்த்துப்போன பந்தல்குடிக்காரர்கள் திரும்பி வராமல் போனார்கள். பெண்ணைப் பற்றி யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். யாரென்று ஞானப்பூ வீடு வீடாக விசாரித்தார். சொன்ன நாக்கு விளங்குமா என்று சத்தமாக அழுதது பிலோமியக்காதான்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமைகளில் யாரும் பாவசங்கீர்த்தனத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. அக்காவின் முறையும் வந்தது. தொட்டிக்குள் நுழைந்தவர் திரும்பிப் பார்த்தார். காலியான பெஞ்சில் ஞானப்பூ வந்து உட்கார்ந்திருந்தார்.

"போங்க மதினி, ஒங்க எடத்த நான் பாத்துக்கிறேன்."

திரை மூடியது. "ஒரு நிமிசம் சாமி" என்று அக்கா உள்ளே முனகியது பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற எங்கள் வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

பெஞ்சுப் பக்கம் அந்த ஒரு சாண் மடிப்பு மெல்லக் கீழே இறங்கியது. முகப்புத் துணியில் ஊசி முனை எட்டிப் பார்த்தது. அக்கா பிரிக்கவில்லை. அடுத்த குத்தும் வெளியே வந்தது.