அப்பா தூங்கிய பகல்கள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் கப்பலேறி, மஞ்சூர் பக்கத் தோட்டத்தில் வேரூன்றியவர். யாரையும் ஏய்க்காதவர், அதிர்ந்து பேசாதவர். எங்களையும் அப்படியே அடக்கமாக வளர்த்தார் என்று உறவினர்கள் புகழ்வதுண்டு. மூத்த மகளான நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களை அப்படி ஆக்கியது அப்பாவின் ராத்திரி ஷிஃப்ட்.

ஃபேக்டரியில் இரவெல்லாம் நின்றுவிட்டு, விடிந்தபின் வந்து படுப்பார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. பாத்திரம் உருளக் கூடாது. தும்மினால்கூட அம்மா முறைப்பார். நானும் தம்பியும் சாடையிலேயே சண்டை போடப் பழகினோம். பள்ளிக்கூடத்திலும் வாய் திறக்கவில்லை. டீச்சர் எங்களை மந்தம் என்றார். அக்கம்பக்கத்தார் நல்ல பிள்ளைகள் என்றார்கள். அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

தம்பி இரண்டாம் வகுப்பு படித்தபோது, அடைமழைக்காகப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு நாள். அப்பா உறக்கத்தில் இருந்தார். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மா, தம்பி எங்கே என்று சாடையில் கேட்டார். கோழியைத் தேடிக் கொல்லைக்குப் போனவன் திரும்பவில்லை. அப்போதும் நாங்கள் கூப்பிடவில்லை. குசுகுசுவென்று அவன் பெயரைச் சொல்லியே தேடினோம். நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டுச் சுவருக்குப் பின்னால் மேடு சரிந்து, நெஞ்சுவரை மண்ணுக்குள் நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. மேலிருந்து மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அலறியதில் எழுந்து ஓடிவந்த அப்பா, வெறுங்கையால் தோண்டி அவனை இழுத்தார்.

“கூப்பிட வேண்டியதுதானேடா? ஏன்டா கத்தல?”

“நீங்க தூங்கிட்டு இருந்தீங்கப்பா.”

அப்பா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரமே கேட்டு வாங்கிக்கொண்டு, செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பகல் வேலைக்குப் போனார். வளைந்த முதுகு அதன்பின் நிமிரவில்லை. மாலையில் எங்களை உட்காரவைத்து, “சத்தமா படிங்க, பக்கத்து லயத்துக்குக் கேக்கணும்” என்பார். நான் தேறிவிட்டேன், என் வாய்க்கு இன்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தம்பியும் பேசினான், படித்தான், வெலிங்டனில் வேலைக்கும் சேர்ந்தான். ஆனால் அப்பா கண்ணயர்ந்தால் மட்டும் அவன் குரல் தானாக இறங்கிவிடும். அப்பாவுக்கு அது தெரியும். கடைசிவரை அதுவே அவருடைய வேதனை.

நோய்ப் படுக்கையில் அப்பாவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், அடக்கம் வரை உடன் நின்ற தோட்டத்து மக்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று தம்பி அலறியபோது சிலர் அவனை அடக்கப் பார்த்தீர்கள். நான் கோபமாகத் தடுத்தேன். மனம் வருந்தியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா கண்மூடிப் படுத்திருக்கும்போது அவன் வாய்விட்டுக் கத்தியது அன்றுதான் முதல் தடவை.